பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

நெல்லில் புகையான், கரும்பில் இளங்குருத்துப் புழு, மணிலாவில் டிக்கா இலைப்புள்ளி என்று வரும் வாசகர் கேள்விகளுக்கு நடுவே, இந்த முறை வளவனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் கேள்வி வந்திருக்கிறது. கேட்டவர் இரண்டேகால் ஏக்கரில் கரும்பும் மணிலாவும் உளுந்தும் வைக்கும் விவசாயி. அவருடைய அப்பா ஓட்டிய பழைய ஹெர்குலிஸ் சைக்கிள், மாட்டுக்கொட்டகை மூலையில் பதினோரு வருடமாகச் சாய்ந்து கிடக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டும் அதில் போய், வண்டி முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. சரிசெய்தால் தகுமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு வண்டி கிடக்கிறது. போடவும் மனசில்லை, தொடவும் நேரமில்லை. அதனால் ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்காமல், அந்த வீட்டில் நடந்ததையே விரிவாகச் சொல்வது மற்றவர்களுக்கும் உதவும்.

மணிலா மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று சித்திரையில் கொட்டகையை ஒழித்தபோதுதான் பேச்சு வந்தது. குட்டி யானையில் வந்த பழைய இரும்பு வியாபாரி வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இருபது கிலோ தேறும். கிலோ இருபத்தேழு. ஐந்நூத்து நாப்பது ரூபா தரேன்" என்றார். விவசாயி தலையாட்டப் போனார். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியாபாரி புரிந்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வீட்டில் இரண்டு கட்சி. மகன் கேட்டதிலும் தப்பில்லை. "ஓட்றதுக்கு ஆள் யாருப்பா? எனக்கு எக்ஸ்எல் இருக்குது. பாப்பாவுக்கு கவர்மெண்டு சைக்கிள் குடுத்துட்டாங்க" என்றார். பெரியவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஃபிரேமு நல்லா இருக்குதான்னு மட்டும் பாரு. ஃபிரேமு போயிருந்தா நானே தூக்கிக் குடுத்துடறேன்."

பார்க்க வேண்டிய முறையும் அதுதான். மாடு வாங்கப் போகிறவர் கொம்புக்கு அடித்த பெயிண்டைப் பார்ப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். சைக்கிளில் டயர், டியூப், செயின், சீட் எல்லாம் தேய்கிற சாமான்கள். அவை போயிருப்பதைப் பார்த்து வண்டியே போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அதேபோல, மேலே துணி போட்டுத் துடைத்ததும் பளபளக்கிறது என்று நம்பியும் விடக் கூடாது.

துரு எல்லாம் ஒரே துரு அல்ல

வளவனூர் கடைத்தெருவில் நாற்பது வருடமாகச் சைக்கிள் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கே வந்து பார்த்தார். வந்ததும் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டில் பாரிலும் நிற்க வைத்தார். மேலே இருக்கும் துரு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆளைக் கவிழ்க்கும் துரு அடியில் இருக்கிறது.

துருவை மூன்று தரமாகப் பிரிக்கலாம். முதல் தரம், கையில் ஒட்டும் மாவுத் துரு. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தால் போய், கீழே கறுத்த இரும்பு தெரியும். இது ஒன்றும் செய்யாது. இரண்டாவது, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்த துரு. பார்க்க அசிங்கமாக இருக்கும். குழி ஆழமில்லை என்றால் வண்டி ஓடும். மூன்றாவது, அடுக்கடுக்காகச் செதில் விட்டு உரியும் துரு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அதனால் குழாய் முன்பைவிடத் தடித்ததுபோல் தோன்றும். உள்ளே இரும்பு பாதிகூட இருக்காது.

மெக்கானிக் கையில் இருந்த ஆயுதம் ஒரு கோணி ஊசியும் ஒரு சின்ன ஸ்பேனரும்தான். பெடல் அச்சு ஓடும் குறுக்குக் குழல், கடைக்காரர்கள் பி.பி. என்று சொல்வது, அதன் அடிப்பக்கத்தில் முதலில் ஊசியை வைத்து அழுத்தினார். மழைத் தண்ணீர் சீட் செருகியிருக்கும் இடத்தின் பிளவு வழியாக இறங்கி, சீட் குழாய் வழியே வந்து இந்தக் குழலில்தான் தங்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சேறும் சேர்ந்து தங்கியிருக்கும். வெளியிலிருந்து அரிப்பது பாதி, உள்ளிருந்து அரிப்பது பாதி. அடுத்து, அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள். அவற்றில் மட்கார்டு உரசும் குறுக்குப் பட்டை இருக்கும் இடம். பிறகு குழாய்கள் கூடும் மூட்டுகள். ஒவ்வொரு இடத்திலும் ஊசி இறங்குகிறதா என்று பார்த்து, ஸ்பேனரால் லேசாகத் தட்டினார். நல்ல குழாய் மணி மாதிரி கணீரென்று பேசும். அரித்த குழாய் ஓட்டைச் சட்டி மாதிரி மந்தமாகப் பேசும்.

இந்த வண்டியில் பி.பி. குழலின் அடியில் குழிகள் இருந்தன, ஊசி இறங்கவில்லை. வலப்பக்கப் பின் குழாயில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. அதுவும் கணீர் என்றது. பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மறுபடி போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு மெக்கானிக்கூட வேண்டியதில்லை. பாத்தி கட்ட நூல் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின் அச்சு உட்காரும் ஒரு பக்கக் காடியில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கக் காடியில் இறுக்கிக் கட்ட வேண்டும். இப்போது நடுவில் இருக்கும் சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் ஃபிரேம் நேர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிதல்ல. அரை அங்குலம் இழுத்தால் வண்டி எப்போதோ மோதியிருக்கிறது அல்லது கவிழ்ந்த பாரத்தில் முறுக்கியிருக்கிறது. மோதிய வண்டிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஹேண்டில் குழாயை ஒட்டி, பாரின் அடியிலும் கீழ்க் குழாயின் அடியிலும் விரலால் தடவினால் சின்ன மடிப்பு தட்டும். அது தட்டினால் அந்த ஃபிரேமுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஃபிரேம் தேறிவிட்டது. தேறாதது ஃபோர்க். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஹேண்டிலைக் கழற்றி ஃபோர்க்கை உருவியதும் கதை வேறாகிவிட்டது. ஃபிரேமுக்குள் மறைந்திருக்கும் அதன் தண்டு, நடுவில் ஒரு விரற்கடை நீளத்துக்கு அரித்து மெலிந்திருந்தது. ஹேண்டில் வழியே இறங்கிய மழைத் தண்ணீரும் வியர்வையும் வருடக்கணக்கில் செய்த வேலை. இதில் மெக்கானிக் பேரமே பேசவில்லை. "இது காயலான் கடைக்கு" என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார். பின் குழாய் உடைந்தால் வண்டி தள்ளாடும், ஓட்டுகிறவர் இறங்கிக்கொள்ளலாம். ஃபோர்க் தண்டு சொல்லிக்கொண்டு உடையாது. புல்லுக்கட்டோ பால் கேனோ ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது உடைந்தால், விழுவது முகத்தில்தான். பழைய வண்டியைப் பார்க்கிறவர்கள் ஃபோர்க்கை உருவிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

சக்கரங்களில் ஒரு விசித்திரம். முன் ரிம் மேல்துருவோடு நின்றிருந்தது. பின் ரிம் செதில் செதிலாக உரிந்து, கம்பி கோக்கும் ஓட்டைகள் பெரிதாகிவிட்டிருந்தன. இரண்டும் ஒரே கொட்டகை, ஒரே வெள்ளம். காரணம் விசாரித்ததில் தெரிந்தது: பின் சக்கரத்தை ஒட்டித்தான் பல வருடம் பொட்டாஷ் மூட்டையும் அம்மோனியம் சல்பேட் மூட்டையும் அடுக்கியிருக்கிறார்கள். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பின் மேல் உப்பு நீராகப் படிந்து, துருவை இரவும் பகலும் வளர்க்கும். கடலோரத்து ஜன்னல் கம்பி எப்படி அரிக்கிறதோ அப்படித்தான். மாட்டு மூத்திரத்தின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சைக்கிளுக்கு மட்டுமல்ல, விசைத்தெளிப்பான், கொழுமுனை, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உர மூட்டையை மாடு நிற்கும் இடத்தில் அடுக்குவதே தவறு என்பது வேறு விஷயம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எந்த ஊர் வண்டி?

ஹேண்டில் குழாயில் ஹெர்குலிஸ் தகடு பாதி எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்தபோது முன் மட்கார்டின் ஓரத்தில் ஒரு தகர வில்லையும் வெளிப்பட்டது. உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலத்தில், கட்டியதற்கு அடையாளமாக வண்டியில் மாட்டிய வில்லை அது. வருடம் படிக்க முடியவில்லை. பெரியவர் கணக்குப்படி, மணிலா நல்ல விலை போன ஒரு வருடம், 1974-ல், விழுப்புரத்தில் வாங்கியது. வாங்கி ஓட்டிக்கொண்டே வளவனூர் வந்ததையும், வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி மணி அடித்துப் பார்த்ததையும் மெக்கானிக்கிடம் சொன்னார். மகன் அதுவரை இதைக் கேட்டதில்லையாம். அவர் குரங்கு பெடல் பழகியதும் இந்த வண்டியில்தான். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது.

பழைய வண்டி என்றதும் "இது லட்சக்கணக்கில் போகும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. இதில் தெளிவு வேண்டும். சுதந்திரத்துக்கு முன் நம் ஊரில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை: ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹெர்குலிஸ். பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, தமிழ்நாட்டில் ஓடிய ஹெர்குலிஸ் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே செய்தவைதான். 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. இப்படி லட்சக்கணக்கில் செய்து விற்ற வண்டிகளுக்குச் சேகரிப்போரிடம் பெரிய விலை கிடையாது. அட்லஸ் நிறுவனத்தின் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே மூடப்பட்டது. அதற்காக வீட்டில் இருக்கும் அட்லஸ் தங்கமாகிவிடாது.

இங்கிலாந்து வண்டி என்றால் நிலைமை வேறு. பெடல் பல்சக்கரத்தைப் பார்த்தால் தெரியும்: ராலேயில் நாரைத் தலை வெட்டியிருக்கும், ரட்ஜில் விரித்த கை இருக்கும், ஹம்பரில் மனித உருவங்கள் கைகோத்து நிற்கும். பி.எஸ்.ஏ. தகட்டில் மூன்று துப்பாக்கி சாய்த்து வைத்திருக்கும். பின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பொறித்த கியர் ஹப் இருந்தால், அதிலேயே பெரும்பாலும் வருட எண்ணும் பொறித்திருக்கும். இப்படி ஒரு வண்டி கிடைத்தால் உப்புத்தாள் போடவும் வேண்டாம், பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். பழைய பெயிண்டும் தங்கக் கோடும் எழுத்தும் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான் அதன் விலை. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

பழைய ராலேக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பொதுவாக சைக்கிள் பி.பி. மரை அங்குலத்துக்கு 24. ராலே தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. கடையில் கிடைக்கும் கப் அதில் ஏறாது. தெரியாமல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் குழலின் மரை போய்விடும்.

கணக்கு

நம் வளவனூர் வண்டிக்கு இந்தச் சங்கடம் இல்லை. இந்த வகைக் கம்பி பிரேக் வண்டி, 28 × 1½ டயர் போடும் வண்டி, வெளிநாடுகளில் பழம்பொருளாகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதனால் ஐம்பது வருட வண்டிக்கும் சாமான் விழுப்புரம் கடைத்தெருவில் கிடைக்கிறது. ஒரு பழைய இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஆயில் என்ஜினுக்குச் சாமான் தேடியவர்களுக்கு இது புரியும்.

மெக்கானிக் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிய கணக்கு இது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். இரண்டு டயர், டியூப் 900 ரூபாய். பின் ரிம்மும் கம்பி செட்டும் 700. ஃபோர்க் 400. செயினும் ஃப்ரீவீலும் 350. பி.பி. செட், காட்டர் பின், குண்டுகள் 300. பிரேக் கட்டை, பெடல் 250. பெயிண்ட் 350. கூலி 900. மொத்தம் 4,150 ரூபாய். இதே மாதிரி புது வண்டி 6,500 ரூபாய்க்கு மேல் என்றும் அவரே சொன்னார்.

பொதுவாக, செலவு புது வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். இங்கே தாண்டியது. மகன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக்தான் வழி சொன்னார். "பெயிண்ட அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. கழட்றது, துரு எடுக்கறது, கழுவறது எல்லாம் நீயே பண்ணு. கூலில ஐந்நூறு கொறைச்சுக்கறேன். கோக்கறதும் பெண்டு எடுக்கறதும் மட்டும் என்கிட்ட விடு." பெயிண்ட் 350, கூலியில் 500 என்று 850 குறைந்து, கணக்கு 3,300-க்கு வந்தது. பாதிக்குப் பக்கம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விவசாயியின் நிலம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மோட்டார் போட, மாடு கட்ட என்று காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. நாளுக்கு எட்டு கிலோமீட்டர். எக்ஸ்எல் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 16 ரூபாய். உர மூட்டை, தெளிப்பான் எடுத்துப் போகும் நடைக்கு எக்ஸ்எல் வேண்டும். ஆனால் சும்மா போய் மோட்டார் போட்டுவிட்டு வரும் நடைக்கு சைக்கிள் போதும். பாதி நடை சைக்கிளுக்கு மாறினால் மாதம் 240 ரூபாய் மிச்சம். பதினாலு மாதத்தில் 3,300 திரும்பிவிடும். சைக்கிளை எடுக்காமல் வாசலில் நிறுத்தி அழகு பார்த்தால் ஒரு ரூபாயும் திரும்பாது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்படி அழகு பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ள நினைத்தால், டயர், ரிம் எதுவும் வாங்காமல் துடைத்து எண்ணெய் தடவி ஒரு சுவரில் மாட்டிவிடலாம். அதற்கு நூறு ரூபாய் ஆகாது.

ஃபிரேமும் போய், ஃபோர்க்கும் போய், இரண்டு ரிம்மும் போயிருந்தால்? எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான். பெல், தகடு, வரி வில்லை இவற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு.

வேலை செய்யும்போது

துரு தேய்க்கும் வேலையை விவசாயி கொட்டகையிலேயே தொடங்கப் போனார், மெக்கானிக் தடுத்தார். காரணம் மாடு. பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். உதிர்ந்த பெயிண்ட் செதிலை மாடு நக்கும். கன்றுக்கு அதைவிட ருசி. ஈயம் உள்ளே போனால் கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, பல் நறநறப்பது, வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். எனவே மாடும் குழந்தைகளும் வராத இடத்தில், பழைய சாக்கு விரித்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூசி பறக்கவிடக் கூடாது. உதிர்ந்ததை எருக்குழியில் கொட்டாமல் சாக்கோடு சுருட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இறுகிப்போன மரைகளுக்கு மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் உடைவது நட் இல்லை, கை. இடது பெடல் மரை மாற்று மரை. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வலப்பக்க பி.பி. கப்புக்கும் அப்படித்தான். இது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் அதிகம். காட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்குக்கு அடியில் கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, நட்டை பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி வைத்து, சுத்தியலால் ஒரே அடி அடிக்க வேண்டும். முட்டு இல்லாமல் பத்து அடி அடித்தால் பின் வளையும். உள்ளே குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும்.

சின்னச் சாமான்களைப் புளிக் கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டால் துரு இளகிவிடும். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவ வேண்டும். கழுவி அப்படியே வைத்தால் மறுநாள் காலை புதுத் துரு பூத்திருக்கும். மினுமினுப்பு பூசிய ஹேண்டில் பாருக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், குழாய்க்குள் தங்கினால் தின்றுகொண்டே இருக்கும்.

ரிம் வாங்கும்போது ஓட்டையை எண்ணி வாங்க வேண்டும். இந்த வகை வண்டியில் முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40. குண்டு முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பின் ஹப்புக்கும் பி.பி.க்கும் கால் அங்குலம். பழைய குண்டோடு புதுக் குண்டைக் கலந்து போடக் கூடாது. புதிது சற்றுப் பெரிது; பாரம் முழுக்க அதன் மேலேயே விழும்.

இதே விஷயமாக வந்த இன்னும் இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மயிலம் பக்கத்து வாசகர் எழுதியிருந்தார். இரும்பு ரிம் நனைந்தால் அப்படித்தான். பிரேக் கட்டை புதிதாக இருந்தாலும் பிடிக்கத் தாமதமாகும். மழையில் முன்கூட்டியே லேசாக அழுத்தி ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பதுதான் நல்ல பிரேக். பார் வைத்த வண்டியைப் பெண்பிள்ளை ஓட்டலாமா என்று திண்டிவனத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். தாராளமாக. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது லேடீஸ் வண்டி போதவில்லை. பலர் பார் வண்டியிலேயே பழகினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

வளவனூர் வண்டிக்கு வேலை முடிய மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் ஆன செலவு 3,450. சீட்டின் ஸ்பிரிங் ஒன்று உடைந்திருந்தது கணக்கில் வரவில்லை. பெயிண்ட் அடிக்கவில்லை. எண்ணெய் தடவிய துருவின் நிறத்திலேயே நிற்கிறது. ஹெர்குலிஸ் தகடும் தகர வில்லையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உர மூட்டை கொட்டகையிலிருந்து வீட்டின் பின்கட்டுக்கு, பலகை மேல் மாறிவிட்டது.

மகன் காலை நடைக்கு சைக்கிளை எடுக்கிறார். மாலையில் பெரியவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஏறி ஓட்டுவதில்லை, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே டீக்கடை வரை போய், வரும்போது கேரியரில் ஒரு புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வருகிறார். கைத்தடி எடுத்துப் போ என்றால் போக மாட்டார், இதைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்கிறார் மருமகள். ஸ்டாண்டு மட்டும் இன்னும் மாற்றவில்லை. டீக்கடை எதிரில் இருக்கும் புளியமரத்தில்தான் சாய்த்து வைக்கிறார்.